மண் சரிந்த பிறகு: ஊவாத் தோட்டமொன்றில் ஒரு தாயின் விசுவாசம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றியது. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவில், மீரியபெத்தை மண்சரிவு அனர்த்தத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, ஓர் ஐப்பசி மழையில் லயத்தின் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) கடைக்கோடி மண்ணுக்குள் போனது. நாலு காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள். பத்திரிகையில் ஒரு மூலையில் வந்து மறைந்த செய்தி. அதில் கணவரைப் பறிகொடுத்த, கொழுந்தெடுத்துப் பிழைக்கும் ஒரு தாயைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். பெயர், தோட்டம், சபை எதையும் இங்கே சொல்லவில்லை.

அக்காவுக்கு வாழ்க்கையில் நம்பிக்கை திரும்பியது. இயேசுவால்தான் திரும்பியது என்று அவரே சொல்கிறார். அது எந்த வழியாக வந்தது என்பதை விளங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அதே இயேசுவின் பெயரால் சொல்லப்பட்ட சில வார்த்தைகள் முதல் மாதத்தில் அவரை இன்னும் பாதாளத்துக்குத் தள்ளின. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில், நம் சபைகள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மலையும் லயமும்

தோட்டத்து லயங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரன் காலத்தவை. முதலில் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. காடழித்த சரிவுகளில் கிடைத்த மூலையில் வரிசையாகக் காம்பராக்களைப் போட்டார்கள். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிட, மலை முழுக்கக் கான் வெட்டியிருந்தார்கள். இந்தத் தோட்டத்தில் கான் வெட்டுக்கு ஆள் போடுவது வருடாவருடம் குறைந்து, மேல்மலைக் கான்கள் தூர்ந்துபோயிருந்தன. தண்ணீர் உள்ளே இறங்கி ஊறியது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது எல்லோருக்கும் தெரியும். அங்கே 2005-லும் 2011-லும் ஆபத்து என்று எச்சரித்திருந்தார்கள். சனம் ஏன் எழும்பிப் போகவில்லை என்று கொழும்பில் கேட்டவர்கள் இருந்தார்கள். எங்கே போவது? 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992-ல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. யார் கைக்குப் போனாலும் லயத்தில் இருப்பவனுக்குக் காலடி மண் சொந்தமில்லை. அவன் தானாக எழும்பிப் போய் ஒரு குடிசை போடக்கூட ஓர் அடி காணி கிடையாது.

சுவரில் வெடிப்பு, இறுகித் திறக்க மறுக்கும் கதவு, சாய்ந்து நிற்கும் மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாகக் கலங்குவது. இந்த அடையாளங்கள் இன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்காவின் காம்பராக் கதவு அந்த வாரம் முழுக்க இறுகித்தான் இருந்தது.

அன்றிரவு

மழை விடாமல் பெய்தது. கீழ்லயத்துப் பொடியன்கள் வந்து கதவைத் தட்டி, எல்லோரையும் பாடசாலைக்குப் போகச் சொன்னார்கள். அக்காவும், சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளும், கணவரும் இறங்கிவிட்டார்கள். மூத்த மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை. பாதி வழியில் கணவருக்கு மாட்டின் நினைவு வந்தது. கட்டுத்தறியில் கிடந்த கறவை மாடு. தோட்டத்துச் சம்பளத்துக்கு மேலே அந்த வீட்டுக்கு வந்த ஒரே காசு அதன் பாலில்தான். "நீங்க போங்க, அவுத்து விட்டுட்டு ஓடியாறேன்" என்று திரும்பினார்.

கயிற்றை அவிழ்த்திருக்கிறார். மாடு பிழைத்தது. விடிந்தபோது கழுத்தில் அறுந்த கயிறில்லாமல் பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில், வந்து நின்றது. அவருடைய உடலை அடுத்த நாள் எடுத்தார்கள்.

ஆறுதல் என்ற பெயரில்

பாடசாலையில் சில நாள், பிறகு பாவிக்காமல் கிடந்த பழைய ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்), கொழுந்து வாட்டுகிற தட்டில் சேலைகளைத் தடுப்பாகக் கட்டி மாதக்கணக்கில். உதவிக்கு வந்தவர்களுக்குக் குறைவில்லை. அரிசி, மா, போர்வை எல்லாம் வந்தன. கூடவே வார்த்தைகளும் வந்தன. "ஆண்டவர் நேசித்தவரை எடுத்துக்கொண்டார்." "அழக்கூடாது அக்கா, நாம நம்பிக்கையில்லாத சனமா?" "இதிலயும் ஒரு திட்டம் இருக்கும்." வெளியூரிலிருந்து வந்த ஒருவர், குடும்ப ஜெபத்தில் குறை இருந்ததா என்று கேட்டே விட்டார். மகள் அன்றிலிருந்து ஜெபக்கூட்டத்தில் உட்கார மறுத்தாள்.

அக்கா அழவில்லை. அழாமல் இருந்ததைச் சிலர் பெரிய சாட்சியாகச் சொல்லிக்கொண்டார்கள். அவரோ சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கூரைத் தகரத்தில் மழைத்துளி விழுந்தால் எழும்பிக் கதவடிக்குப் போய் நிற்பார். கையில் எப்போதும் ஒரு கயிற்றுத் துண்டு. ஒருநாள், "நானும் அவரோட திரும்பிப் போயிருக்கணும் தம்பி" என்றார். அந்தக் குரலில் இருந்தது துக்கம் மட்டுமில்லை என்று எனக்குப் பயம் வந்தது.

ஸ்டோரில் மாலை ஜெபத்துக்கு வழக்கமாக 121ஆம் சங்கீதத்தைப் பாடுவார்கள். பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கிற சங்கீதம். மலையகத்துச் சபைகளில் அதற்கென்று ஒரு தனி இடம் உண்டு. அக்கா ஒருநாள் கையை உயர்த்தி நிறுத்தினார். "அந்தப் பாட்ட மட்டும் வேணாம். மலையப் பாத்தா எனக்கு ஒத்தாசை வரல. மண்ணுதான் வந்துச்சு." கூட்டம் வாயடைத்துப்போனது. சிலர் முகம் சுளித்தார்கள். அந்த ஸ்டோரில் அதுவரை ஏறெடுக்கப்பட்ட ஜெபங்களில் அதுதான் உண்மையான முதல் ஜெபம் என்பது என் கருத்து.

31ஆம் நாள்

திருப்பம் 31ஆம் நாள் நினைவு ஜெபத்தில் நடந்தது. லயத்தில் இவர்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த வயதான அத்தை ஒருவரும் வந்திருந்தார். மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். எங்கள் தோட்டங்களில் இதெல்லாம் சகஜம். சுவர் ஒன்று, தண்ணீர் பிடிக்கும் பீலி ஒன்று, இழவும் ஒன்று. ஜெபம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த அத்தை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்.

சபை மூப்பர் ஒருவர் எழும்பி, "இங்க அது வேணாம்" என்று சைகை காட்டினார். புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம் போதகர் அவரைக் கையமர்த்தினார். "விடுங்க ஐயா, அம்மா பாடட்டும்." அத்தை ஓர் அடி பாட, அதுவரை கல்லாக இருந்த அக்கா அடுத்த அடியை எடுத்தார்.

மாட்டவுக்கப் போன ராசா – ஒங்கள
மண்ணு வந்து மூடிருச்சே
கூப்பிட்டது கேக்கலையோ – ஏசு
சாமி கையும் நீளலையோ

ஒரு மாதமாக அடைத்துக்கிடந்தது உடைந்தது. மகளும் ஓடிவந்து மடியில் விழுந்தாள். நெடுநேரம் அழுதார்கள். ஓய்ந்த பிறகு போதகர் எழும்பி யோவான் 11ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்தார். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாள் சொல்கிறாள். பின்னால் மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். இருவரையும் இயேசு கடிந்துகொள்ளவில்லை. லாசருவை எழுப்பப்போவது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். "அக்கா கேட்டது அந்த ரெண்டு சகோதரிகளும் கேட்டதுதான்" என்றார் போதகர். பிறகு 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். அந்தச் சங்கீதத்துக்கு வெளிச்சமான முடிவு கிடையாது. சிநேகிதரும் தோழரும் தூரமாகிப்போன இருட்டில் நின்றுவிடும். அவரும் அங்கேயே நிறுத்தி, வேதத்தை மூடி, உட்கார்ந்துவிட்டார்.

இதை எதிர்ப்பவர்கள் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபத்தைக் காட்டுவார்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்கக்கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறார் என்பார்கள். துக்கிக்கவே கூடாது என்று பவுல் எங்கே எழுதினார்? நம்பிக்கை உள்ளவனும் துக்கிக்கிறான்; யாரிடம் முறையிடுகிறோம் என்று தெரிந்து துக்கிக்கிறான். எரேமியா 9ஆம் அதிகாரத்தில் கர்த்தரே புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்கிறார், தங்கள் குமாரத்திகளுக்கும் புலம்பலைக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார். கொழுந்து மலையிலும் லயத்து இஸ்தோப்பிலும் (திண்ணையிலும்) தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் காத்துவந்த ஒப்பாரியை ஆலய வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? அந்த அத்தை அன்று செய்தது ஓர் ஊழியம். அதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

மாத்திரையும் ரொட்டியும்

அழுததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. தூக்கம் வரவில்லை, மழைப்பயம் போகவில்லை. போதகர் அக்காவை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குத் தானே கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள், மாதாமாதம் வரச் சொன்னார்கள். மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, சபையின் பெண்கள் ஐக்கியத்து அம்மா ஒருவர் எலியாவின் கதையைச் சொல்லி அடக்கினார். சூரைச்செடியின் கீழே சாக வேண்டுமென்று படுத்திருந்தவனுக்குத் தேவதூதன் முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், பிரசங்கம் பண்ணவில்லை. அந்த அம்மாவே முறைபோட்டு, தினம் ஒருவர் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோய் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்தார். கொடுத்துவிட்டு வரக்கூடாது, சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. (சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவர்களோ, அவர்கள் பக்கத்தில் இருப்பவர்களோ 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.)

பதிவேடு

இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இனி வருகிற பகுதி. பலர் இதை ஆவிக்குரிய காரியமாகவே எண்ணமாட்டார்கள்.

மண்ணோடு ஒரு தகரப் பெட்டியும் போயிருந்தது. அதில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதிக் கடதாசிகள், கணவருடைய தகப்பனாரின் பிரஜாவுரிமைப் பத்திரம். மலையகத்தானுக்குக் கடதாசி என்றால் என்ன என்பதை வெளியாருக்குச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாகத் தள்ளிவைத்தார்கள். கடைசியாக இங்கே நாடற்றவர் என்று எவரும் மிஞ்சாதபடி சட்டம் வந்தது 2003-ல். ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் அண்ணன் அந்தக் கரையிலும் தம்பி இந்தக் கரையிலும் ஆன குடும்பங்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. ஆகவே அக்கா பிரதேச செயலகத்தில் "இவருக்கு நீங்க மனைவின்னு என்ன அத்தாட்சி?" என்று கேட்கப்பட்டபோது, அவருக்குக் கணவர் இரண்டாவது தடவையும் செத்தார். இந்தச் சொற்கள் அவருடையவை.

அத்தாட்சி இருந்தது. டவுனில் உள்ள தாய்ச் சபையின் அலுமாரியில், பழுப்பேறிய விவாகப் பதிவேட்டில், அவருடைய கையெழுத்தும் கணவருடைய பெருவிரல் அடையாளமும். இன்னொரு பதிவேட்டில் பிள்ளைகள் இருவரின் ஞானஸ்நானம், திகதியோடு. அதற்கு முந்தைய பதிவேட்டில் கணவரின் ஞானஸ்நானம், அவருடைய அப்பா அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தரும் முன் போதகர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா அந்தப் பெருவிரல் அடையாளத்தின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு நின்றார். கணவரின் உடம்பிலிருந்து இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த தடயம் அதுதான். போட்டோக்கள் எல்லாம் பெட்டியோடு போய்விட்டிருந்தன.

அன்று மாலை ஸ்டோரில் போதகர் எரேமியா 32ஆம் அதிகாரத்தை எடுத்தார். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவல்முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகளை வைத்துக் கிரயப்பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, அது அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இனி இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் கொள்ளப்படும் என்று கர்த்தர் சொல்லுகிறார். அழுதழுது கண்கள் பூத்த தீர்க்கதரிசி அவர். புலம்பற்காரிகளைக் கூப்பிடச் சொன்ன கர்த்தருடைய வார்த்தையை அறிவித்தவரும் அவரே. அழுகையை முடித்துவிட்டுப் பத்திரம் எழுதப் போகவில்லை. அழுகை ஒரு கையில், பத்திரம் மறு கையில்.

அக்கா இந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "ஊரே அழியிற நேரத்துல காணி வாங்குனாரா?" என்றார். "நமக்கு வாங்கக்கூட விடலயே." அதற்குப் பிறகு அவர் பேச்சில் ஒரு மாற்றம் இருந்தது. முதலில் தன்னுடைய கடதாசிகளுக்கு அலைந்தார். பிறகு ஸ்டோரில் இருந்த மற்றக் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு போனார். பதிவேட்டில் பெயரில்லாத இந்துக் குடும்பங்களுக்குத் தோட்ட ஒப்பீஸ் செக்ரோல் (தொழிலாளர் பேரேடு), பாடசாலை வரவுப் பதிவு, பிள்ளைக்காம்பராப் (குழந்தைகள் காப்பகப்) பதிவு என்று தேடிப்பிடித்தார். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்துக்குப் போகிற நாளில், பொலித்தீன் உறையில் சுற்றிய கோவைகளைக் கொழுந்துக்கூடை தூக்குகிறதுபோலப் படங்குச் சாக்கில் போட்டு முதுகில் போட்டுக்கொள்வார்.

அவரிடம் நம்பிக்கை திரும்பியதை நான் கண்ட இடம் இதுதான். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னபோதல்ல, ஒரு விண்ணப்பப் படிவத்தில் நாளைய திகதியைக் கேட்டு எழுதியபோது.

மலையகத் திருச்சபைக்கு இது புதிய வழியுமல்ல. 1972-ல் பதுளை தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஆண்டகையும், அதே ஆண்டு கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளாரும், தோட்டத் தொழிலாளியின் உரிமையை நற்செய்தியிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. இருவருமே எங்கள் இனத்தவர் இல்லை என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். எங்கள் தேயிலை மலைச் சபைகளின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கோப்பித் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளுக்கென்று தொடங்கிய மிஷனோடு ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்திலிருந்தே பதிவேடு எழுதும் பழக்கம் சபைகளில் வேரூன்றியது. துரைமார் கணக்கில் கூலிகளுக்குத் தலையெண்ணிக்கைதான். சபைப் பதிவேட்டில் அவர்களுக்குப் பெயர் இருந்தது, அப்பா அம்மா பெயரும் இருந்தது.

இப்போதைய நிலை

அக்காவுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்தது. உறுதிப்பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. மகள் பரீட்சையை ஒரு வருடம் பிந்தி எழுதிப் பாஸ் பண்ணி, இன்று அதே தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. ஜெபத்துக்கு வருகிறாள், எல்லாக் கிழமையும் இல்லை. அக்கா அதற்காக அவளை நெருக்குவதில்லை. மழையில் இன்னும் தூக்கம் கெடுகிறது. மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது.

121ஆம் சங்கீதத்தை இப்போது பாடுகிறார். முதல் வசனத்துக்கு வாய் திறப்பதில்லை. வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து ஒத்தாசை வரும் என்கிற இரண்டாம் வசனத்தில்தான் சேர்ந்துகொள்கிறார். சபை அதைப் பழகிக்கொண்டது.

வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு அவருக்கு மனப்பாடம்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். அக்கா 75-லேயே ஆட்களை எழுப்பிவிடுவார். கணவர் இறந்த இரவில் பக்கத்து ஆலயம் பூட்டிக்கிடந்தது. திறப்பு டவுனில் இருந்தது. இப்போது ஒரு திறப்பு அக்காவிடமும், ஒன்று அந்த ஒப்பாரி பாடிய அத்தையின் மகனிடமும் இருக்கிறது. கடந்த மழையில் மூன்று லயத்துச் சனம் அங்கே வாங்குகளில் படுத்தது. திருநீறு பூசியவர்கள்தான் அதில் அதிகம்.

மற்றச் சபைகளிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். அனர்த்த வீட்டுக்குப் போகிறவர்கள் முதல் மாதத்தில் காரணம் சொல்ல வேண்டாம்; புலம்பல் சங்கீதங்களை வாசியுங்கள், ஒப்பாரி வந்தால் தடுக்காதீர்கள். அடுத்தது பதிவேடுகள். எங்கள் தாய்ச் சபையில் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறோம். ஈரம் குடித்த பக்கங்களை முதலில் எடுக்கிறோம், சில இடங்களில் மை பரவி எழுத்துத் தெரியவில்லை. அக்காவின் மகள் சனிக்கிழமைகளில் வந்து பெயர்களைக் கணினியில் ஏற்றுகிறாள். ஞானஸ்நானப் பதிவேடுகள் பாதிக்கு மேல் முடிந்தன. விவாகமும் அடக்கமும் மிச்சம். இந்த ஐப்பசிக்கு முன் முடித்தாக வேண்டும். உங்கள் சபையிலும் அப்படி ஓர் அலுமாரி இருந்தால், தயவுசெய்து இந்தக் கிழமையே திறந்து பாருங்கள்.